வாசப்படிக்காரி

"என் வாசப்படியில அவ வந்து நிப்பாளா?"

மலர்க்கொடி அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்கவில்லை. கையில் பாதி அரிந்த கத்திரிக்காய். கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"கத்தாதடி. தெருவுக்கே கேக்குது."

"கேக்கட்டும். எனக்குப் பதிலா இளவரசி நிப்பாளான்னு கேக்குறேன்."

"நீ எடுக்கறியா ஆரத்தி? எடு. இப்பவே போயி அவள வேணாம்னு சொல்லிட்டு வரேன். நீயே தட்டத் தூக்கிட்டு நில்லு. திருநாவுக்கரசு நெத்தியில ஒன் வெரலால பொட்டு வை. வெப்பியா?"

மலர்க்கொடி கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டாள்.

"வெக்க மாட்டல்ல? அப்பறம் என்னா பேச்சு?"

வைக்க மாட்டாள்தான். ஆனால் வைக்க மாட்டேன் என்பது ஒன்று, தன் வாசலில் இன்னொருத்தி நின்று வைப்பதைப் பார்த்துக்கொண்டு உள்ளே கிடப்பது வேறு.

சிதம்பரம் தனித்தொகுதி. எந்தக் கட்சி நின்றாலும் வேட்பாளர் காலனியில் பிறந்தவராகத்தான் இருக்க முடியும். புவனகிரிக்குக் கிழக்கே வடக்குவெளி ஊர்த் தெரு இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. வேட்பாளர் வண்டி மெயின் ரோட்டிலேயே நிற்கும். தெரு ஆண்கள் அங்கே போய், மாட்டுக்குப் புல் போடுகிற மாதிரி எட்ட நின்று மாலையை வீசுவார்கள். வேட்பாளர் கும்பிடுவார். வண்டி அப்படியே காலனிப் பக்கம் திரும்பிவிடும். ஓட்டு விழும். கேட்டால், சின்னத்துக்குப் போட்டோம், ஆளுக்கு இல்லை என்பார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இப்படியே யாருக்கும் நோகாமல் நடந்துகொண்டிருந்தது.

அதைக் கெடுத்தது செல்போன். ஒவ்வொரு தெருவிலும் வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று ஆரத்தி எடுத்து வேட்பாளரை வரவேற்கிற வீடியோ வேண்டும் என்று கட்சி ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. கட்சிக்காரர்கள் மாவட்டச் செயலாளரை "மாவட்டம்" என்றே சொல்வார்கள். அந்த மாவட்டம் கொளஞ்சியப்பனைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "ஒன்றியச் செயலாளர் பதவி காலியாத்தான்யா கெடக்குது. ஒங்க தெருவுல புரொபசருக்கு மரியாதை எப்படி நடக்குதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்குவோம்."

கொளஞ்சியப்பன் மீசை முளைக்காத வயதிலிருந்து கட்சிக்காரன். பசை வாளி தூக்கியிருக்கிறான், சுவரேறி விழுந்து கால் உடைத்துக்கொண்டிருக்கிறான், கடலூர் ஜெயிலில் கொசுக்கடியோடு படுத்திருக்கிறான். திருநாவுக்கரசு காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆள். அண்ணாமலை நகரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். நேற்றைக்குக் கட்சிக்கு வந்தார், இன்றைக்கு வேட்பாளர். "நான் ஒட்டுற போஸ்டரு, மூஞ்சி எவனோடதோ" என்று குடித்த நாட்களில் கொளஞ்சியப்பன் சொல்வான். குடிக்காத நாட்களில் "புரொபசர் சார்" என்று சொல்லி வேட்டியை இறக்கிவிட்டுக்கொள்வான்.

தெருப் பெண்களைக் கூட்டி வைத்து ஆரத்தி பற்றிக் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றவள் மலர்க்கொடிதான். எதிர்வீட்டு ஞானாம்பாள் அவள் பின்னாலேயே, "அந்த ஆளு நெத்தியத் தொட்டுட்டு வந்து நான் வெளக்கேத்தணுமா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். கூட்டம் கலைந்துவிட்டது.

அந்த இரவே கொளஞ்சியப்பன் வழி கண்டுபிடித்துவிட்டான். காலனிப் பெண்களைக் கொண்டுவந்து வாசலுக்கு ஒருத்தியாக நிறுத்திவிடுவது. வீடு ஊர்த் தெரு வீடு, வாசல் ஊர்த் தெரு வாசல். நிற்பவள் யார் என்று வீடியோவில் எழுதியா இருக்கிறது? தன் வாசலுக்கு இளவரசியைப் பொறுக்கியிருந்தான்.

வேறு யாரையாவது பொறுக்கியிருந்தால் மலர்க்கொடி இத்தனை பேசியிருக்க மாட்டாள். இளவரசி இவள் வாழ்க்கைப்பட்டு வந்த அதே வருஷம் காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இவர்கள் நிலத்தில்தான் உளுந்து பிடுங்குகிறாள். வெயிலில் வேகிறவளுக்கு உடம்பு கட்டுக்குலையவில்லை. நிழலில் இருக்கிற மலர்க்கொடிக்குச் சர்க்கரை, மூட்டுவலி. இளவரசியின் புருஷன் செம்பியன் நெய்வேலியில் வெல்டர், தளம் போட்டு வீடு கட்டி முகப்பில் பச்சை டைல்ஸ் ஒட்டியிருக்கிறான். மகள் கயல்விழி அண்ணாமலை நகரில் நர்சிங் படிக்கிறாள். மலர்க்கொடியின் மகன் அறிவழகன் பாலிடெக்னிக்கை அரியரோடு விட்டுவிட்டு புல்லட்டில் தெருவை அளந்துகொண்டிருக்கிறான். காலனி வழியாக பஸ்சில் போகும்போதெல்லாம் மலர்க்கொடி அந்தப் பச்சை டைல்ஸைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்புவாள். திருப்புவதற்குள் பார்த்துவிட்டிருப்பாள்.

இளவரசி ஒத்துக்கொண்டதற்குக் காரணம் எளிமையானது. "நம்ம ஆளுக்கு ஆரத்தி எடுக்க எனக்கென்ன நோவுது? ஒங்க தெருவுல நின்னு எடுக்கச் சொல்றீங்க. சரி, அந்தக் கூத்தையும் பாத்துருவோம்ங்க ஐயா."

வேட்பாளர் வருகிற அன்றைக்கு அவள் வந்தது அரக்குப் பட்டில். தன்னுடைய பழஞ்சேலை ஒன்றைக் கட்டச் சொல்லிக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்த மலர்க்கொடி, ஜன்னல் வழியாக அந்தப் பட்டைப் பார்த்துவிட்டு, எடுத்து வைத்ததைப் பீரோவுக்குள் திணித்தாள்.

தெரு நெடுகக் கதவுகள் ஒருக்களித்திருந்தன. உள்ளே வீட்டுக்காரிகள். வெளியே, எந்தப் படியை இத்தனை வருஷம் மிதித்ததில்லையோ அந்தப் படியில் பூ வைத்துப் பொட்டு வைத்து நின்றார்கள் காலனிப் பெண்கள். மேளம் வந்தது. திறந்த ஜீப்பில் திருநாவுக்கரசு வந்தார். மெலிந்த மனிதர். வெயிலில் முகம் கன்றியிருந்தது. ஜீப்பை விட்டு இறங்கி வாசல் வாசலாக நடந்தார். ஊர்த் தெருவுக்குள் தான் நடக்கிறோம் என்பதை அவர் கால்கள் நம்பவில்லை என்பது மாதிரி மெல்ல நடந்தார்.

இளவரசி தட்டைச் சுற்றினாள். பொட்டு வைத்தாள். செந்தண்ணீரை ஓரமாகக் கொட்டினாள். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"அண்ணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றார் திருநாவுக்கரசு.

கொளஞ்சியப்பன் பதறி முன்னால் வந்தான். "சார், வண்டியில பாட்டிலு ஜில்லுன்னு இருக்குது சார். டேய், எட்றா—"

"இருக்கட்டும்ணே. பாட்டில் தண்ணிதான் தெனமும் குடிக்கிறேன். அண்ணி கையால குடுக்கட்டும்."

செல்போன்கள் உயர்ந்தன. இளவரசி கொளஞ்சியப்பனைப் பார்த்தாள். கொளஞ்சியப்பன் இளவரசியைப் பார்த்தான். அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிட்டுப் போனது. திரும்பினாள். படியேறினாள். வீட்டுக்குள் போய்விட்டாள்.

கூடம், அதில் சாமி படம், டிவி, சோபா. எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே அடுப்பங்கரைக்கு வந்தாள். அங்கே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலர்க்கொடி நின்றாள்.

"எதுக்குடி உள்ள வந்த?"

"தண்ணி கேக்குறாரும்மா."

"நீ அங்கயே நில்லு. எதையும் தொடாத. நான் எடுத்துத் தரேன்." மலர்க்கொடி கீழ்த்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளரை எடுத்தாள்.

"இதுலயா?"

"இதுக்கு என்னா கொறச்சலு?"

"எம்.பி.க்கு நிக்கிறவருக்கு நீங்களா இருந்தா இதுலயா குடுப்பீங்க?" இளவரசி குரலை இறக்கினாள். "வெளிய கேமரா நிக்குதும்மா. இப்ப நான்தான நீங்க."

கையை நீட்டி மேல்தட்டிலிருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்தாள்.

"அது என் சீருல வந்த சொம்புடி!"

"திருப்பிக் குடுத்துருவேன். பிரிட்ஜுல ஐஸ்தண்ணி இருக்குமா?"

"தொறக்காத."

"தொறக்கத் தெரியும்மா. எங்க வூட்லயும் இருக்குது."

சொம்போடு அவள் வெளியே போனாள். திருநாவுக்கரசு அண்ணாந்து குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொள்கிற மாதிரி ஒரு சந்தோஷம் முகத்தில். "நல்லா இருங்கம்மா" என்றார். கேமராக்காரர், "அண்ணனும் அண்ணியும் ஜோடியா நில்லுங்க, ஒண்ணு எடுத்துருவோம்" என்றார்.

கொளஞ்சியப்பன் இரண்டு முழம் தள்ளி நின்றான்.

"கிட்ட வாங்கண்ணே. என்னாண்ணே, புதுப் பொண்டாட்டியா?"

கூட்டம் சிரித்தது. கொளஞ்சியப்பன் நகர்ந்தான். தோளும் தோளும் இடிக்கவில்லை. ஆனால் ஜன்னலில் நின்றவளுக்கு இடித்த மாதிரி இருந்தது.

அன்று மாலை முழுக்க அவள் கூடத்தைக் கழுவிவிட்டாள். அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தாள். எவர்சில்வருக்குப் புளி எதற்கு என்று கேட்க அங்கே யாரும் இல்லை. தேய்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அந்த வீடியோவைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். இளவரசி இவள் வாசலில் சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் புருஷன் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கல்யாண போட்டோவில்கூட அவன் இப்படிச் சிரித்ததில்லை என்று தோன்றியது.

திருவந்திபுரத்திலிருந்து அவள் அண்ணி போன் செய்தாள். "என்னா மலரு, ஒன் வூட்டுக்காரரு ரெண்டாவது கட்டிக்கிட்டாரா? ஆளு நல்லா லட்சணமா இருக்குது."

"கட்சி வேலண்ணி. ச்சும்மா."

"ச்சும்மான்னா இப்படியா? நம்ம சாதியில எந்த ஊருப் பொண்ணு அது?"

மலர்க்கொடி போனை வைத்துவிட்டாள்.

இது இத்தோடு நின்றிருந்தால் தெரு மறந்திருக்கும். கடலூர், சிதம்பரம் இரண்டு தொகுதிக்கும் சேர்த்து மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. மைக் பிடித்த திருநாவுக்கரசு எழுதி வைத்திருந்த பேச்சை ஓரம் வைத்துவிட்டார். "எங்கப்பா காலத்துல ஊர்த் தெருவுல செருப்பக் கையில புடிச்சிக்கிட்டுப் போவாரு. நேத்து வடக்குவெளியில, கொளஞ்சியப்பன் அண்ணன் வீட்டுல, அவரோட மனைவி அவுங்க கையால, அவுங்க சொம்புல எனக்குத் தண்ணி குடுத்தாங்க. காலம் மாறிக்கிட்டிருக்குது தோழர்களே!" குரல் உடைந்தது. மைதானம் கை தட்டியது. மேடையில் மாவட்டம் திரும்பி, கீழே நின்ற கொளஞ்சியப்பனைப் பார்த்துத் தலையசைத்தார்.

திருநாவுக்கரசு உண்மையாகவே அழுதார் என்பதுதான் இதில் மோசம்.

மறுநாள் காலை செம்பியன் வந்தான். படியேறவில்லை. கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தி, இறங்காமல் கூப்பிட்டான்.

"அண்ணே, வெளிய வாங்க."

கொளஞ்சியப்பன் பல்குச்சியோடு வந்தான். முன்னாலெல்லாம் செம்பியன் "ஐயா" என்பான்.

"என் பொண்டாட்டிய ஒங்க பொண்டாட்டின்னு மஞ்சக்குப்பத்துல மைக் வெச்சி சொல்றாங்க. ஷிப்ட்ல என்கூட வேல பாக்குறவன் வீடியோவக் காட்டி, ஒங்க வூட்டம்மா மாதிரியே ஒரு அம்மான்றான். நான் என்னா சொல்லட்டும்?"

"எலெக்‌ஷன் வரைக்கும் பொறுத்துக்கப்பா. ஒங்க ஆளுதான ஜெயிக்கப்போறாரு?"

"எங்க ஆளு ஜெயிக்கட்டும். அதுக்கு எங்க பொம்பள ஒங்க வூட்டுக்காரியா இருக்கணுமா? எங்க பொம்பளயா வந்து நின்னா அந்தப் படி தாங்காதா?"

"கோவப்படாத செம்பியா. கடேசி நாளு பிரச்சாரத்துல சார் நம்ம வீட்டுல சாப்பிட வர்றேன்னுட்டாரு. ஒரே ஒரு நாளு—"

"இளவரசி வரமாட்டா." செம்பியன் பைக்கை உதைத்தான். "ஆரத்தின்னீங்க, வந்தா. பொண்டாட்டின்னா நீங்கதான் ஒருத்திய வெச்சிருக்கீங்கல்ல?"

இதை மலர்க்கொடி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். இளவரசிக்காக ஒருத்தன் பைக் ஏறி வந்து சண்டை போடுகிறான். தனக்காக யார் வந்தார்கள்? கேட்டுக்கு அந்தப் பக்கம் செம்பியன் கிளப்பிவிட்டுப் போன தூசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கடைசி நாள் வந்தது. கொளஞ்சியப்பன் காலையிலேயே திட்டம் சொன்னான். வேட்பாளர் கேட்டால், மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். சமையலை மலர்க்கொடி முடித்து வைத்துவிட்டு மேளம் வருவதற்குள் ஞானாம்பாள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். கட்சிப் பையன்கள் பரிமாறுவார்கள்.

"நான் ஆஸ்பத்திரியில கெடக்குறேனா?"

"ஒரு வேள சாப்பாடுடி. அந்தாளு தின்னுட்டுப் போனான்னா எனக்குப் பதவி."

மலர்க்கொடி சமைத்தாள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த கொடுவா மீனைக் குழம்பு வைத்தாள். இறாலை வறுத்தாள். கை மீனில் இருந்தாலும் மனசு வேறு இடத்தில் இருந்தது. தொகுதி முழுக்கக் கொளஞ்சியப்பன் பொண்டாட்டி என்றால் அந்த அரக்குப் பட்டுக்காரிதான். இன்றைக்கு இவளும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் கொளஞ்சியப்பன் பொண்டாட்டி என்று ஒருத்தி இல்லவே இல்லை.

அவளுக்குக் காலனி மேல் புதிதாக அன்பு ஒன்றும் பொங்கிவிடவில்லை. சாதி ஒழிய வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான். மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்தபோது அவள் ஞானாம்பாள் வீட்டுக்குப் போகவில்லை. முகம் கழுவினாள். சேலை மாற்றவில்லை, மஞ்சளும் மீன் வாசமும் அப்படியே இருந்தது. தட்டில் சுண்ணாம்பும் மஞ்சளும் கரைத்து, வெற்றிலையில் சூடத்தை வைத்து ஏற்றிக்கொண்டு, நேராக வாசலுக்கு வந்து படியில் நின்றாள்.

எதிர் ஜன்னலில் ஞானாம்பாளின் "அடியேய்" கேட்டது.

திருநாவுக்கரசு எதிரில் வந்து நின்றார். மலர்க்கொடி தட்டைச் சுற்றினாள். விரலைத் தட்டில் தொட்டாள். ஒரு கணம் நின்றாள். பிறகு அவர் நெற்றியில் வைத்தாள். வியர்வையில் நனைந்த நெற்றி சுட்டது. வெயிலில் நின்று வருகிற எந்த ஆம்பளை நெற்றியும் அப்படித்தான் சுடும். இதற்கா இத்தனை பேர் இத்தனை வருஷம் பயந்தோம் என்பது போல அவள் விரலைப் பார்த்துக்கொண்டாள்.

"இவுங்க யாருண்ணே?" என்று திருநாவுக்கரசு திரும்பிக் கேட்டார். "அண்ணி எங்க?"

மாவட்டம் பக்கத்தில் நின்றார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தொகுதி முழுக்கத் தெரிந்த மனைவி வேறு. இவள் மனைவி என்றால் அவள் யார்? அவள் காலனி என்றால் தண்ணீர் கொடுத்த கதை என்ன ஆகும்? மஞ்சக்குப்பம் கைதட்டல் என்ன ஆகும்? கொளஞ்சியப்பன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"அவளுக்கு ஒடம்பு முடியல சார், அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில இருக்கா. இது... இது நம்ம காலனியிலேர்ந்து ஒத்தாசைக்கு வந்த பொம்பள சார்."

மலர்க்கொடி கையிலிருந்த தட்டில் சூடம் எரிந்துகொண்டே இருந்தது.

"அப்படியா! நம்ம பொண்ணா?" திருநாவுக்கரசு முகம் மலர்ந்துவிட்டது. "எந்தத் தெரும்மா? பேரு என்னா?"

மலர்க்கொடி புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணால் கெஞ்சினான். அந்தக் கண்ணில் பயம் இருந்தது, பதவி இருந்தது. அவள் இல்லை.

"மலரு. காலனிதாங்க," என்றாள்.

வேட்பாளர் உள்ளே போனார். இலை போட்டார்கள். மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, யார் சமைத்தது என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவள் சமைத்திருக்க முடியாது. கொளஞ்சியப்பன் தலையைச் சொறிந்தான். "அந்தப் பொம்பளதான் சார்." மாவட்டம் தொடையைத் தட்டினார். "யோவ் கொளஞ்சி! காலனிப் பொம்பள சமைக்கிறத ஒன் வூட்ல சாப்பிடுறியா? இத மொதல்லயே ஏன்யா சொல்லல?" கேமரா மீன் குழம்பைப் படம் பிடித்தது.

வெளியே மலர்க்கொடி படியை விட்டு இறங்கினாள். வீட்டுக்குப் பக்கவாட்டில், தெருவைப் பார்த்த மாதிரி மாட்டுக்கொட்டகைச் சுவர். கூலிக்கு வருகிறவர்கள் கஞ்சி குடிக்கிற இடம். நிழல் ஒரு முழம்கூட இல்லை. அங்கே போய்க் குந்திக்கொண்டாள்.

கை கழுவிவிட்டு வெளியே வந்த திருநாவுக்கரசு அவளைப் பார்த்துவிட்டார். பின்னாலேயே கேமராக்காரரும் வந்தார்.

"ஏம்மா வெயில்ல குந்தியிருக்க? சமைச்சவ நீ. உள்ள போயி சாப்பிடு."

"எங்கள எல்லாம் உள்ள வுடமாட்டாங்க சார்."

"என்னம்மா சொல்ற?"

"உண்மையத்தான் சொல்றேன். காலனிக்காரங்களுக்கு இங்கதான் சோறு. செவுத்தோரம். குடிக்க பிளாஸ்டிக் டம்ளரு. கூடத்துக்குள்ள கால வெச்சா சாயங்காலம் கழுவி வுடுவாங்க. சொம்பத் தொட்டா புளி போட்டுத் தேய்ப்பாங்க." அவள் குரல் உயரவில்லை. "எனக்கு நல்லாத் தெரியும் சார். தேய்ச்ச கையி இது."

கொளஞ்சியப்பன் படியில் கல்லாக நின்றான். மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

திருநாவுக்கரசு அவளையே பார்த்தார். பிறகு அந்தச் சுவரைப் பார்த்தார். இந்த மாதிரிச் சுவரோரத்தில் தன் அப்பா குந்தியதை அவர் பார்த்திருக்கிறார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. தண்ணீர் கொடுத்தவள் யார், இவள் யார், தான் மைதானத்தில் எதற்கு அழுதோம், எல்லாம். வாய் திறந்தார்.

மாவட்டம் அவர் முழங்கையைத் தொட்டார். "சார். இந்தத் தெருவுல மட்டும் எத்தன ஓட்டு தெரியுமில்ல? நாளன்னிக்கி எலெக்‌ஷன்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. திருநாவுக்கரசு கேமராக்காரரிடம் திரும்பி மெல்லச் சொன்னார்: "நிறுத்துப்பா. இத அழிச்சிரு."

ஜீப் ஏறினார். கும்பிட்டார். மேளம் மறுபடியும் தொடங்கியது. நெற்றியில் மலர்க்கொடி வைத்த பொட்டோடு அவர் போனார்.

தெரு காலியானதும் கொளஞ்சியப்பன் அவள் எதிரில் வந்து நின்றான். அடிக்கக் கை துடித்தது. எல்லா ஜன்னலும் பார்த்துக்கொண்டிருந்தது.

"உள்ள வாடி."

"வரமாட்டேன்."

"மானத்த வாங்காத. எழுந்திரிச்சி உள்ள வா."

"நான் காலனிக்காரின்னு நீதான மாவட்டத்த வெச்சிக்கிட்டுச் சொன்ன? ஒன் வாயால சொன்ன. காலனிக்காரி எப்படி உள்ள வருவா? பசிக்குது. சோத்த இங்க கொண்டாந்து போடு."

"மலரு..."

"கொண்டாந்து போடுய்யா."

நிற்க முடியாமல் அவன் உள்ளே போனான். இலையும் சோற்றுக் குண்டானுமாகத் திரும்பி வந்தான். கட்டின பொண்டாட்டிக்கு இத்தனை வருஷத்தில் ஒரு வாய்ச் சோறு எடுத்துப் போட்டறியாதவன், மண்ணில் இலையை விரிக்கத் தெரியாமல் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் தெரு வழியாக இளவரசி வந்தாள். தலையில் முக்காடு, கையில் உளுந்துக் கட்டு. மலர்க்கொடியைப் பார்த்ததும் நின்றாள். ஒரு நிமிஷம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்னம்மா, எங்க எடத்துல குந்தியிருக்கீங்க?"

"ஆமா. நீ வந்து என் எடத்துல நின்னல்ல?"

"நானா நின்னேன்? நிக்க வெச்சாங்க."

"எனக்கும் அதான்," என்றாள் மலர்க்கொடி.

இளவரசி கொளஞ்சியப்பன் கையிலிருந்த இலையையும் குண்டானையும் பார்த்தாள். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

மலர்க்கொடி சற்று நகர்ந்து சுவரோரம் இடம் விட்டாள். "வா, குந்து. நீயும் ஒரு வாயி தின்னு. யோவ், இன்னொரு எலை கொண்டா."

கொளஞ்சியப்பன் அசையவில்லை. இளவரசியும் அசையவில்லை. வெயில் அந்த மூன்று பேர் தலையிலும் ஒரே மாதிரி அடித்தது.

"வேணாம்மா," என்றாள் இளவரசி. "இங்க குந்தித் தின்னது போதும். எங்க வூட்ல சோறு இருக்குது. உள்ள, பேனு போட்டுக்கிட்டு, கால நீட்டிக் குந்தித் திம்பேன்."

கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தாள். ஊர்த் தெருவின் நடுவில், அவசரமில்லாமல் போனாள். தெரு முடிந்து காலனிக்குத் திரும்புகிற இடம் வரை மலர்க்கொடி பார்த்துக்கொண்டே இருந்தாள். அரக்குப் பட்டில் அவள் நின்ற அன்றைக்குக்கூட இப்படி வயிறு எரியவில்லை.